வழியளவு அறிந்த யாத்திரிகர் யுவான் சுவாங்

யுவான் சுவாங் என்னும் சீன யாத்திரிகரின் பெயரை அறியாத பௌத்தர் இலர். பள்ளிச் சிறுவரும் அவரை அறிவர். ஹர்ஷ மன்னரின் அவைக்கு வந்தவர், நாலந்தாவில் பயின்றவர், நம் காஞ்சி மாநகரைக் கண்டு எழுதியவர் என்ற அளவில் அவர் வரலாறு நம்மிடையே வழங்கி வருகிறது. ஆயினும், அவர் எவ்வாறு வந்தார், எவ்வாறு மீண்டார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கி.பி. 629-இல் புறப்பட்டு 645-இல் தாய்நாடு திரும்பிய அப்பெரியார் கடந்த வழி, அவரே தம் பேரரசருக்கு எழுதியபடி, ஐம்பதாயிரம் லிக்கு மேற்பட்டது. மூன்று லியை ஏறத்தாழ ஒரு மைலாகக் கொள்ளலாம். பாலை, பனிமலை, பேராறு, கள்வர் கூட்டம் ஆகிய அனைத்தையும் கடந்து 657 நூல்களோடு அவர் மீண்டார். அந்நூற்றாண்டில் தருமம் நாடி இந்தியாவுக்குப் புறப்பட்ட பிக்குகள் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் வரலாற்றை இத்சிங் என்னும் பிற்காலத்து யாத்திரிகர் தொகுத்து வைத்துள்ளார். அவர்களுள் பெரும்பாலோர் தம் நாடு திரும்பவில்லை. சிலர் கடலில் மாண்டனர். சிலர் நோயால் மடிந்தனர். பக்தியில் அவர்கள் குறைந்தவர் அல்லர். அவ்வாறாயின் யுவான் சுவாங்கை மீட்டு வந்தது யாது?

நல்லூழும் ஓரளவு துணை நின்றது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்தம் சீடர் ஹுய்லி எழுதிய வரலாற்றையும், அவரே இயற்றிய மேனாட்டுக் குறிப்புகளையும் ஒருங்கு வைத்துப் படிப்போர்க்கு வேறொன்றும் புலனாகும். ஒரு நாளில் எவ்வளவு நடப்பது, அடுத்த தண்ணீர் எங்கே உள்ளது, உணவளிப்போர் யாவர், எங்கே பொறுத்திருப்பது, எங்கே திரும்பிவிடுவது என்னும் இவ்வைந்தையும் அவர் படிப்படியாகக் கற்றார். அக்கல்வியே ஈண்டு நாம் காணப்போவது.

இளமை

யுவான் சுவாங் கி.பி. 602-ஆம் ஆண்டளவில் லோயாங் நகருக்கு அண்மையில் கல்விக்குடி ஒன்றில் தோன்றினார். நான்கு ஆண்மக்களுள் இளையவர். தமையனார் ஒருவர் முன்னரே பிக்குவாக இருந்தமையால், இளமையிலேயே விகாரையின் வாழ்க்கை அவருக்குப் பழகிற்று. அவர் பதின்பருவத்தில் இருந்தபோது சுயி அரசு சிதைந்து நாடெங்கும் போரும் பஞ்சமும் மூண்டன. உடன்பிறந்தார் இருவரும் லோயாங்கை விட்டுச் சாங்கானுக்குச் சென்றனர். அங்கும் படையெடுப்பின் பரபரப்பே நிலவியது; தருமம் ஓதுவார் இலர். உணவு கிடைக்கும் நாடாகிய சூ நாட்டுக்கு அறிஞர்கள் சென்றுவிட்டனர் என்றறிந்து, இருவரும் மலைவழி கடந்து செங்டூ நகரை அடைந்தனர். உணவில்லாத இடத்தில் கல்வியும் நில்லாது என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. வழியில் கண்டு அறிந்தார்.

இருபதாம் வயதில் உபசம்பதை பெற்றார். பின் ஊர் ஊராகச் சென்று ஆசிரியர் பலரிடம் பயின்றார். ஒருவர் கூற்று மற்றொருவர் கூற்றோடு முரணுவதையும், மொழிபெயர்ப்புகள் தெளிவின்றி இருப்பதையும் கண்டு, மூலநூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்பதென உறுதி பூண்டார். தம்மையொத்த பிக்குகள் சிலரோடு சேர்ந்து அரசிடம் அனுமதி வேண்டினார், கிடைக்கவில்லை. அக்காலத்தில் மேற்கு எல்லையைக் கடப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. உடன் நின்றோர் விலகினர். அவர் ஒருவரே விலகாது நின்று, பசி, குளிர், தனிமை முதலியவற்றைத் தாம் தாங்கவல்லரா என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்த்த பின்னர்ப் புறப்பட்டார்.

ஐந்து காவற்கோபுரங்கள்

லியாங்சௌ நகரில் ஆளுநர் அவரைத் திரும்பிப் போகுமாறு பணித்தார். அவ்வூர்ப் பிக்கு ஒருவர் இரக்கங்கொண்டு தம் சீடர் இருவரைத் துணையாக அனுப்பினார். அன்று முதல் பகலில் ஒளிந்து இரவில் நடக்கும் நடையாயிற்று. குவாசௌ என்னும் எல்லை ஊரை அடைந்ததும், அவர் முதலிற் செய்தது வழி விசாரித்தலே.

அவருக்குக் கிடைத்த செய்தி இது: வடக்கே ஐம்பது லி தொலைவில் விரைந்தோடும் ஆறு ஒன்று உண்டு. அதன் கரையில் எல்லை வாயில் நிற்கிறது. அதற்கு அப்பால் ஐந்து காவற்கோபுரங்கள், ஒன்றுக்கொன்று நூறு லி இடைவெளியில் உள்ளன. இடையில் புல்லும் இல்லை, நீரும் இல்லை. நீர் கோபுரத்தடியில் மட்டுமே உண்டு. ஐந்தாம் கோபுரத்துக்கு அப்பால் எண்ணூறு லிப் பாலை. அதனைக் கடந்தால் ஹாமி என்னும் பசுஞ்சோலை நகர்.

நூறு லி என்பது முப்பது மைலுக்குக் குறையாதது. நம் பழங்கணக்கில் மூன்று காதம். மணலில் அவ்வளவு தொலைவை நீரின்றி ஒரே மூச்சில் கடத்தல் வேண்டும். கடந்தபின், தம்மைப் பிடிக்கக் காத்திருக்கும் காவலர் காலடியிலேயே நீர் முகத்தல் வேண்டும். இதனைக் கேட்டு அவர் ஒரு திங்களுக்கு மேல் மனங்கலங்கி அவ்வூரிலேயே தங்கியிருந்தார் என்று வரலாறு மறைக்காமல் கூறுகிறது. அவருடைய குதிரையும் இறந்துவிட்டது. அவரைப் பிடிக்குமாறு ஆணையும் வந்து சேர்ந்தது. அறநெஞ்சம் கொண்ட அதிகாரி ஒருவர் அவ்வாணையை அவர் கண்முன்னரே கிழித்தெறிந்து, விரைந்து செல்லுமாறு கூறினார்.

சொக்தியானாவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வழிகாட்ட முன்வந்தான். அவன் முதியவர் ஒருவரை அழைத்து வந்தான். அம்முதியவர் ஹாமிக்கு முப்பது முறைக்கு மேல் போய் வந்தவர். அவர் ஏறி வந்த சிவந்த கிழக்குதிரை பதினைந்து முறை அப்பாலையைக் கடந்தது. யுவான் சுவாங் தம்முடைய இளங்குதிரையைக் கொடுத்து அம்மெலிந்த கிழக்குதிரையைப் பெற்றுக்கொண்டார். பார்ப்போர்க்கு நகைப்பைத் தரும் மாற்று இது. ஆனால் அதுவே பின்னர் அவர் உயிரைக் காத்தது.

ஆற்றைக் கடந்த அளவில் வழிகாட்டி அஞ்சிப் பின்வாங்கினான். தனியே சென்ற பிக்கு, முதற்கோபுரத்தடியில் இரவில் நீர் முகக்கும்போது அம்புகள் பறந்து வந்தன. தாம் யாரென்பதை அவர் உரக்கக் கூறினார். கோபுரத் தலைவர் பௌத்த அன்பராக இருந்தமையால் உணவும் நீரும் அளித்து, நேரே நான்காம் கோபுரத்துக்குச் செல்லுமாறும், அங்குள்ள தம் உறவினர் உதவுவார் என்றும் கூறினார். நான்காம் கோபுரத்தார் பெரிய தோல் துருத்தி ஒன்றையும் குதிரைக்குத் தீனியும் தந்து, ஐந்தாம் கோபுரத்தில் உள்ளவர் கடியர் ஆதலின் அதனை அணுகாது, நூறு லி தொலைவில் உள்ள காட்டுக்குதிரை ஊற்றை நாடிப் போகுமாறு அறிவுறுத்தினார்.

துருத்தி கவிழ்ந்தது

இவ்விடத்தில் அவர் திட்டம் முழுவதும் குலைந்தது. நூறு லிக்கு மேல் நடந்தும் ஊற்று தென்படவில்லை, வழி தப்பிவிட்டார். நீர் பருகுவதற்காகத் துருத்தியை எடுத்தபோது அது கனத்தால் கை நழுவிக் கவிழ்ந்தது. பாலை முழுவதற்கும் வைத்திருந்த நீர் ஒரு நொடியில் மணலுக்குள் மறைந்தது.

மீண்டும் நான்காம் கோபுரத்துக்கே போய் நீர் பெற்று வரலாம் என்றெண்ணித் திரும்பிப் பத்து லிக்கு மேல் நடந்தார். அப்போது இந்தியாவை அடையும் வரை கிழக்கு நோக்கி ஓரடியும் வையேன் என்று தாம் பூண்டிருந்த விரதம் நினைவுக்கு வந்தது. உடனே குதிரையை வடமேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் நாவிற் படவில்லை. ஐந்தாம் இரவு மணலிற் கிடந்தவரைக் குளிர்ந்த காற்றுத் தீண்டிற்று. எழுந்து சிறிது தூரம் சென்றதும், அக்கிழக்குதிரை அவர் இழுத்த வழி செல்ல மறுத்து வேறொரு பக்கம் திரும்பியது. அவரும் அதன் போக்கிலேயே விட்டார். அங்கே பசும்புல்லும் தெளிந்த நீரும் இருந்தன. ஒரு நாள் முழுதும் அங்கே இளைப்பாறி, நீரும் புல்லும் சேர்த்துக்கொண்டு, மேலும் இரண்டு நாள் நடந்து ஹாமியை அடைந்தார்.

இந்நிகழ்ச்சியை விரதத்தின் வெற்றியாகவே பலர் பாராட்டுவர். விரதம் அவரை முன்னே செலுத்தியது, உண்மை. ஆனால் நீரைக் கண்டது பதினைந்து முறை வழிநடந்த அனுபவம். ஒரே கலத்தில் உயிரை வைத்து நடந்தது எத்துணை இடரானது என்பதை அப்பெரியார் அங்கே உணர்ந்திருப்பார். அதன் பின்னர் அவர் செய்த பயணங்களில் துணையும், விலங்குகளும், உணவும், வழிகாட்டியும் பன்மடங்காகப் பகிர்ந்து அமைந்திருப்பதை நாம் காண்கிறோம்.

தூர்பான் மன்னர் அளித்த ஆற்றுணா

ஹாமியிலிருந்து தூர்பான் நாட்டின் தலைநகராகிய காவோசாங்குக்கு அழைக்கப்பட்டார். அந்நாட்டு மன்னர் சூ வெண்டாய் அவரைத் தம் நாட்டிலேயே குருவாக நிறுத்திக்கொள்ள விழைந்து, வேண்டியும் அச்சுறுத்தியும் பார்த்தார். யுவான் சுவாங் மூன்று நாள் உண்ணாமலும் நீர் பருகாமலும் அமர்ந்தார். நான்காம் நாள் அவர் மூச்சு ஒடுங்குவதைக் கண்ட மன்னர் வெட்கி வணங்கி விடையளித்தார். ஒரு திங்கள் தங்கித் தருமம் உரைப்பது, இந்தியாவிலிருந்து மீளுங்கால் மூன்றாண்டு அங்குத் தங்குவது என்று இருவரும் உடன்பட்டனர்.

அம்மன்னர் அளித்த பொருள்களின் பட்டியலைப் படிக்கும்போது, வழியின் தன்மையை நன்கறிந்த ஒருவர் எண்ணி எண்ணிச் சேர்த்தவை அவை என்பது விளங்கும். பணிவிடைக்கு நான்கு சாமணேரர், சீவரங்கள் முப்பது, பனிக்காற்றைத் தாங்க முகமூடிகள், கையுறைகள், காலுறைகள், தோற்செருப்புகள், பொன் நூறு லியாங், வெள்ளிக்காசு முப்பதாயிரம், பட்டுச்சுருள் ஐந்நூறு. இவை இருபது ஆண்டுச் செலவுக்கு எனக் கணக்கிடப்பட்டவை. அவற்றோடு குதிரைகள் முப்பது, ஏவலர் இருபத்தைவர்.

இவை அனைத்தினும் பெரிய கொடை ஒன்று உண்டு. வழியில் உள்ள நாட்டரசர்களுக்கு இருபத்து நான்கு திருமுகங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு பட்டுச்சுருள் கையுறையாக. மேலைத் துருக்கியரின் பேரரசருக்குத் தனியே ஐந்நூறு பட்டுச்சுருளும் இரண்டு வண்டிப் பழங்களும். வழியில் உள்ள நாடுகளுள் பெரும்பாலன அப்பேரரசரின் ஆணைக்கு உட்பட்டவை. இருபது ஆண்டு உணவை யாரும் சுமந்து செல்ல இயலாது. ஆனால் அடுத்த ஊரில் கதவு திறக்கும் என்னும் உறுதியைச் சுமந்து செல்லலாம். முப்பது குதிரைகள் சுமக்க முடியாததை அவ்விருபத்து நான்கு ஓலைகள் சுமந்தன.

விரைந்தவரும் பொறுத்தவரும்

காவோசாங்கைக் கடந்து அக்னி நாட்டுக்குச் செல்லும் வழியில், அயல்நாட்டு வணிகர் பலர் அவரோடு சேர்ந்து வந்தனர். நகரை முதலில் அடைந்தால் மிகுந்த ஊதியம் கிட்டும் என்னும் ஆசையால், அவர்கள் நள்ளிரவில் ஒருவரும் அறியாமல் எழுந்து முன்னே சென்றனர். பத்து லி தூரம் சென்றதும் கள்வர் வளைத்துக்கொண்டனர், ஒருவரும் தப்பவில்லை. விடிந்தபின் அவ்வழியே சென்ற யுவான் சுவாங் அவர்தம் உடல்களைக் கண்டு வருந்தினார். அக்னி நாட்டு மன்னரோ, காவோசாங்கின்மீது பழம்பகை உடையவராதலின், மாற்றுக் குதிரைகள் தர மறுத்தார். ஒரு திருமுகம் எல்லாக் கதவையும் திறவாது என்பதையும் அறிய நேர்ந்தது. அங்கே ஓரிரவே தங்கி அவர் அப்பால் நடந்தார்.

அடுத்தது கூசா நாடு. அதற்கு அப்பால் தியான் ஷான் மலைத்தொடரின் பனிக்கணவாய். பனி கரைந்து வழி திறவாமையால் அங்கே அறுபது நாளுக்கு மேல் காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்தும் மலை எளிதாக விட்டுவிடவில்லை. கணவாயைக் கடக்க ஏழு நாள் ஆயிற்று. பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சமைத்தல், பனிக்கட்டியின் மேலேயே பாய் விரித்து உறங்குதல் என்னும் நிலை. உடன்வந்தோருள் பதின்மருக்கு மூவர் நால்வர் வீதம் பசியாலும் குளிராலும் மாண்டனர். எருதுகளும் குதிரைகளும் அதனினும் மிகுதியாக மடிந்தன. பெருவேந்தர் கொடையும் இருதிங்கட் பொறுமையும் இருந்தபோதே இவ்வளவு இழப்பு நேர்ந்ததெனின், இவை இல்லாது விரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மலைக்கு அப்பால் துருக்கியப் பேரரசரைக் கண்டார். அவர் பிக்குவுக்கு உரிய தூய உணவும் திராட்சைச் சாறும் தனியே அமைத்து, மொழியறிந்த துணைவன் ஒருவனையும் திருமுகங்களையும் அளித்தார். சமர்கண்டு, இரும்புவாயில், பால்க், பாமியான் ஆகிய இடங்களைக் கடந்து கபிச நாட்டில் கார்காலத் தங்கலை மேற்கொண்டார். பின்னர்க் காந்தாரம் வழியாக இந்திய நாட்டினுள் புகுந்தார்.

தங்கித் தங்கி நடந்த நடை

இந்தியாவில் அவர் நடையின் இயல்பே மாறியது. காஷ்மீரத்தில் ஏறத்தாழ இரண்டாண்டு. சீனபுக்தியில் பதினான்கு திங்கள். ஜலந்தரத்தில் நான்கு திங்கள். கன்னோசியில் மூன்று திங்கள். ஒவ்வொரு தங்கலிலும் ஓர் ஆசிரியர், ஒரு நூல். உணவு பெறும் இடமும் அறிவு பெறும் இடமும் ஒன்றாகவே அமைந்தன. கார்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தே தங்குதல் வேண்டும் என்று பகவான் வகுத்த விதி, பயிரையும் சிற்றுயிரையும் மிதியாதிருக்கும் அருளோடு, நடப்போர் உடலைக் காக்கும் ஒழுங்காகவும் அவருக்கு உதவியது.

அளவுகளில் அவர் கருத்தூன்றினார் என்பதற்கு யோசனையைப் பற்றிய அவர் குறிப்பே சான்று. யோசனை என்பது அரசர் படை ஒரு நாளில் நடக்கும் தொலைவு என்றும், அது பழங்கணக்கில் நாற்பது லி, இந்திய வழக்கில் முப்பது லி, பௌத்த நூல்களில் பதினாறு லி என்றும் அவர் பிரித்து எழுதினார். எனவே நூலில் கண்ட யோசனையை நம்பி உணவு கட்டுபவன் ஏமாறக்கூடும். யாருடைய யோசனை என்று முதலில் கேட்டறிதல் வேண்டும்.

நாலந்தாவில் ஆசாரியர் சீலபத்திரரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டு பயின்றார். அம்மகாவிகாரைக்கு நூறு ஊர்களின் வருவாய் உரியதாயிருந்தது. அவ்வூர்களின் இருநூறு குடும்பங்கள் நாள்தோறும் அரிசியும் நெய்யும் பாலும் கொண்டுவந்து தந்தன. பிக்ஷைக்கு அலையாமல் ஆயிரக்கணக்கானோர் கற்க இயன்றது இவ்வேற்பாட்டினால்தான் என்று அவர் வரலாறு கூறுகிறது. நாலந்தாவின் புகழைப் பேசும் நாம், பெயர் அறியப்படாத அவ்விருநூறு குடும்பங்களையும் நினைத்தல் தகும்.

காஞ்சியில் திரும்பினார்

நாலந்தாவை விட்டுக் கீழைக்கடற்கரைத் துறையாகிய தாமிரலிப்திக்குச் சென்றபோது, இலங்கைக்குச் செல்ல அவர் அவாவினார். தேரவாத திரிபிடகத்திலும் யோகாசார நூலிலும் வல்லவர் அங்கே உளர் என்று கேள்வியுற்றிருந்தார். தாமிரலிப்தியிலிருந்து கப்பலேறுவது வழக்கம். ஆனால் அங்குச் சந்தித்த தென்னாட்டுப் பிக்கு ஒருவர் வேறு வழி கூறினார். நெடுங்கடலில் புயலும் அலையும் பொல்லாதவை. நிலவழியே தென்கோடிக்குச் சென்றால் அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணமே. மலையும் ஆறும் கடக்க வேண்டியிருப்பினும் அதுவே பாதுகாப்பானது. வழியில் புண்ணியத் தலங்களையும் காணலாம் என்பது அவர் அறிவுரை. அவ்வாறே யுவான் சுவாங் ஒட்டரம், கலிங்கம், ஆந்திரம், அமராவதியை உள்ளடக்கிய தான்யகடகம் ஆகியவற்றின் வழியே நடந்து, 640-ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரத்தை அடைந்தார்.

நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் அந்நாட்டில் இருந்தனர் என்று அவர் எழுதியுள்ளார். தம் ஆசாரியரின் ஆசாரியரான தர்மபாலர் பிறந்த ஊர் அது. இலங்கைக்கு மூன்று நாள் வழியே எஞ்சியிருந்தது. அந்நிலையில் இலங்கையிலிருந்து முந்நூறு பிக்குகளுக்கு மேல் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே மன்னர் இறந்தார், நாட்டில் குழப்பம், மக்கள் பஞ்சத்தால் வாடுகின்றனர், பிக்ஷை இட ஆளில்லை என்று அவர்கள் கூறினர்.

யுவான் சுவாங் என்ன செய்தார்? ஓரடியும் கிழக்கே வையேன் என்று பாலைவனத்தில் உயிரைப் பணயம் வைத்தவர், ஈண்டு மூன்று நாள் வழியே எஞ்சியிருந்தும் திரும்பினார். விரதம் தளர்ந்ததா? அன்று. அவர் இலங்கைக்குச் செல்ல விழைந்தது தருமம் கற்கவே. அத்தருமத்தில் வல்ல மூத்த பிக்குகள் தாமே காஞ்சிக்கு வந்திருந்தனர். அவர்களிடம் யோகாசாரத்தின் அரிய இடங்களை வினவினார். சீலபத்திரர் உரைத்ததற்கு மேல் அவர்கள் உரைத்தல் இயலவில்லை என்று கண்டார். மேலும் பஞ்சத்தில் வாடும் நாட்டுக்குப் பிக்ஷைப் பாத்திரத்தோடு செல்பவன் அந்நாட்டார் வாயிலிருந்து ஒரு கவளத்தைக் குறைப்பவன் ஆவான். சிறுபருவத்தில் பஞ்சத்தைக் கண்டவர்க்கு இதனை எடுத்துக் கூற வேண்டியிராது. இலங்கைப் பிக்குகள் எழுபதின்மருக்கு மேற்பட்டோரோடு அவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

காஞ்சிக்குத் தெற்கே மூவாயிரம் லி தொலைவில் உள்ளதாகக் கேள்வியுற்ற மலையகூட நாட்டையும் அவர் காணவில்லை. சந்தனமும் கற்பூரமும் விளையும் மலையமலையையும், அதன் கிழக்கேயுள்ள பொதலக மலையையும் கேள்வியால் எழுதினார். பொதலகத்தைப் பொதியமலை என்று கருதும் அறிஞரும் உளர். கல்பாத்தி ஆற்றங்கரையில் நின்று நோக்கும் நம் வாசகர்க்கு, வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் நாளும் காணும் காட்சி. கொங்கு நாட்டிலிருந்து மேலைக் கடற்கரைக்குப் பண்டை வணிகச் சாத்துகள் சென்ற வழி அது. அதற்குத் தெற்கே இடுக்கி வரை மலைமேல் மலையாக உயர்ந்து செல்லும் நாட்டில் அவர் கால் படவில்லை. காணாததைக் கண்டதாக எழுதாமல், கேட்டதைக் கேட்டதாகவே எழுதியது அவர் நேர்மை. வழிக்குறிப்பு எழுதுவோர்க்கு அதுவே முதல் அறம். பின்வருவோர் அக்குறிப்பை நம்பியன்றோ தண்ணீரும் சோறும் கட்டுவர்?

மீட்சி

643-இல் ஹர்ஷ மன்னர் கன்னோசியில் கூட்டிய பேரவையிலும், பிரயாகையின் தானப் பெருவிழாவிலும் கலந்துகொண்டபின் விடைபெற்றார். தென்கடல் வழியே செல்வதாயின் உடன் தூதர்களை அனுப்புவதாக மன்னர் கூறினார். காவோசாங் மன்னருக்கு அளித்த வாக்கை எண்ணி, யுவான் சுவாங் வடக்கு வழியையே தேர்ந்தார். காமரூப மன்னர் குமாரர் அளித்த செல்வங்களுள் மழையைத் தாங்கும் கம்பளி மேலாடை ஒன்றை மட்டும் ஏற்றார். ஹர்ஷர் வழிச்செலவுக்காக ஒரு பெரிய யானையையும், பொற்காசு மூவாயிரம், வெள்ளிக்காசு பதினாயிரத்தையும் துணைவந்த மன்னர் ஒருவரிடம் ஒப்புவித்தார். முத்திரையிட்ட திருமுகங்களோடு அதிகாரிகள் நால்வரையும் அனுப்பினார்.

இப்போது சுமை நூல்கள். கள்வர் நடமாடும் மலையிடுக்குகளில், ஒரு பிக்குவை முன்னே அனுப்பி, வருவது சுவடிகளும் படிமங்களுமே என்று அறிவிக்கச் செய்வார். கள்வரும் விலகி விடுவர். ஆயினும் சிந்து நதியின் நடுவே காற்றில் ஓடம் தடுமாறி, ஐம்பது சுவடிகளும் அரிய மலர்விதைகளும் நீரில் போயின. அவர் அங்கேயே ஐம்பது நாளுக்கு மேல் தங்கி, இழந்தவற்றைப் படியெடுத்து வர ஆள்விட்டார்.

இந்துகுஷ் மலையைக் கடக்கக் கபிச மன்னர் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைத் தீனியும் உணவும் சுமந்துவர அனுப்பினார். மலைச்சிற்றூர் ஒன்றின் மக்கள் பனிப்பிளவுகளை அறிந்து வழிகாட்டினர். கடினமான இடத்தைக் கடந்தபோது எஞ்சியோர் பிக்குகள் எழுவர், கூலியாட்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோர், ஒரு யானை, பத்துக் கோவேறு கழுதைகள், நான்கு குதிரைகள். பின்னர்ப் பாமிர் வழியில் கள்வரால் வெருண்ட அந்த யானையும் நீரில் மூழ்கி மாண்டது. சுமப்பதற்கு வழியில்லை.

கோத்தான் நாட்டை அடைந்த யுவான் சுவாங், வணிகச் சாத்தோடு சென்ற காவோசாங் இளைஞன் ஒருவன்வழி தம் பேரரசருக்கு விண்ணப்பம் விடுத்தார். அனுமதியின்றி வெளியேறியதை ஒப்புக்கொண்டு, யானை மாண்டதையும் சுவடிகள் தேங்கிக் கிடப்பதையும் தெரிவித்தார். ஏழெட்டுத் திங்கள் காத்திருந்தார். அக்காலத்தையும் வீணாக்காமல் அந்நாட்டாருக்குத் தருமம் உரைத்தார். பேரரசர் மகிழ்ந்து, வழிநெடுக ஆளும் குதிரையும் அளிக்குமாறும், பாலையிலேயே எதிர்கொள்ளுமாறும் ஆணையிட்டார். ஒருகால் அம்பெய்து தடுத்த அதே எல்லை, இப்போது தண்ணீரோடு வரவேற்றது.

ஆனால் எவருக்காக அவர் இவ்வழியைத் தேர்ந்தாரோ அந்த மன்னர் சூ வெண்டாய் உயிரோடில்லை. 640-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவர் நாடும் சீனப் பேரரசோடு இணைந்துவிட்டது. மூன்றாண்டுத் தங்கல் என்னும் வாக்கை நிறைவேற்ற இடமே இல்லாது போயிற்று. 645-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 657 நூல்கள் அடங்கிய 520 கட்டுகளோடு சாங்கானை அடைந்தார்.

இறுதி நடை

எஞ்சிய பத்தொன்பது ஆண்டும் மொழிபெயர்ப்பிலே கழிந்தன. அதனையும் ஒரு வழிநடை போலவே அவர் நடத்தினார். ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று அளவிட்டுக் கொண்டார். பகலில் வேறு பணியால் குறைந்தால் இரவில் நிறைவு செய்தார். அதன்பின்னரே வழிபாடும் உறக்கமும். எழுபத்தைந்து நூல்கள், 1335 பகுதிகள் இவ்வாறு உருவாயின. 660-இல் தொடங்கிய மகாபிரக்ஞாபாரமிதை மிகப் பெரியது. சுருக்கிப் பெயர்க்குமாறு சீடர் வேண்டினர். அவர் முதலில் இசைந்து, பின் மறுத்து, ஒன்றும் விடாமல் பெயர்ப்பதென முடிவு செய்தார். 663-இல் அறுநூறு பகுதிகளாக அது நிறைவெய்தியது.

அடுத்த ஆண்டு இரத்தினகூட நூலைப் பெயர்க்குமாறு வேண்டினர். சில வரிகள் பெயர்த்தபின் சுவடியை மூடினார். தம் வலிமை இதற்குப் போதாது என்று அறிவித்து, எஞ்சிய நாளைத் தியானத்துக்கும் தானத்துக்கும் ஆக்கினார். 664-ஆம் ஆண்டு சீனக் கணக்கின் இரண்டாம் திங்களில் அமைதியாக மறைந்தார். காஞ்சித் துறையில் திரும்பியவரும், இந்நூலின் முதலேட்டில் நிறுத்தியவரும் ஒருவரே. தம் வழியளவை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

புத்தகயைக்கும் சாஞ்சிக்கும் அமராவதிக்கும் நம்மவர் இன்று புகைவண்டியில் செல்கின்றனர். எனினும் மலைவழியும் காட்டுவழியும் நடந்து செல்லும் இளைஞரும் நம்மிடையே உளர். அவர்கட்கு இவ்வரலாறு கூறுவன சில. தொலைவை மைலால் எண்ணாமல், நீரிலிருந்து நீருக்கு எண்ணுக. வழியைப் படத்தில் பார்த்ததோடு அமையாது, அவ்வழியே பலமுறை நடந்தவரைக் கேளுங்கள். எல்லா நீரையும் ஒரே கலத்தில் வையாதீர்கள். உடன்வருவோருள் மெலிந்தவர் நடையே கூட்டத்தின் நடையாகட்டும். மலை வழிவிடும்வரை காத்திருப்பதில் இழுக்கில்லை. முன்னே பஞ்சம் என்று கேட்டால் திரும்புவதிலும் இழுக்கில்லை. நரம்பு மிக இறுகினும் மிகத் தளரினும் வீணை இசையாது என்று பகவான் சோண தேரருக்கு உணர்த்தியது வழிநடைக்கும் பொருந்தும்.

நெடுவழி செல்லும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம்முள் பெரும்பாலோர் இல்லறத்தார். ஓரூரில் இருந்து வாழ்பவர். அன்னார்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கோபுரத்தடியில் நீர் தந்த காவலர், ஆணையைக் கிழித்த அதிகாரி, கிழக்குதிரையைக் கொடுத்த முதியவர், நாலந்தாவுக்கு நெய்யும் பாலும் சுமந்த குடும்பங்கள், பனிப்பிளவில் வழிகாட்டிய மலைச்சிற்றூரார் ஆகிய இவர்களுள் ஒருவர் தவறியிருந்தாலும் 657 நூல்களும் வந்து சேர்ந்திரா. நம் வாயிலைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் எவரிடத்தில் எத்தகைய தருமம் உள்ளதென்று நாம் அறியோம். ஆதலின் குலமும் ஊரும் வினவாது ஒரு செம்பு நீரும் ஒரு பிடி சோறும் அளிக்கும் வழக்கத்தை நம் இல்லங்களிலும் சங்கத்திலும் வழுவாது போற்றி வருவோமாக.